சிதைந்த ஒலியும் சிதைத்த வழியும்

தொலைவிலிருந்து ஒருவர் நமக்கு ஒரு செய்தி விடுக்கிறார். அது நம்மை வந்து சேரும்போது சிதைந்து சேர்கிறது. அச்சிதைவுக்குப் பொறுப்பாளி யார்? விடுத்தவரா? வந்த வழியா? கேட்கும் நம் செவியா? பார்வைக்கு இஃது எளிய வினா. ஆயினும் மக்கள் ஒருவரையொருவர் மதிப்பதும் இகழ்வதும் பெரும்பாலும் இவ்வினாவுக்கு ஆராயாமல் சொல்லிவிடும் விடையைப் பற்றியே நிற்கின்றன. விடுத்தவன்தான் குற்றவாளி என்று நொடியில் தீர்த்துவிடுவது உலக வழக்கு. விஞ்ஞானிகள் தம் தொழிலில் அவ்வாறு தீர்ப்பதில்லை. அவர்கள் செய்வது யாது என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு முதலிற் கூறுவோம். பின்னர் நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம்.

இந்தியா 2013 நவம்பர் 5 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடுத்த மங்கள்யான் என்னும் விண்கலம், 2014 செப்டம்பர் 24 இல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கிற்று. கோதவாடி மயில்சாமி அண்ணாதுரையும், திருநெல்வேலிச் சீமைச் சுப்பையா அருணனும் அப்பணியின் தலைமைப் பொறுப்புகளில் இருந்தவர்கள் என்பதை நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. பெருமை ஒருபுறம் இருக்கட்டும். ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று கட்டப்பட்ட அக்கலம் ஏறக்குறைய எட்டாண்டுகள் உழைத்தது. 2022 இல்தான் தொடர்பு அற்றுப்போயிற்று.

பூமி ஒருபுறம், செவ்வாய் மறுபுறம், இடையே சூரியன் என்று மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும் காலம் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை வரும். 2015 ஜூன் மாதத்தில் அது வந்தது. அப்பொழுது கலத்துக்கும் நமக்கும் இடையே 38 கோடி கிலோமீட்டர் தொலைவு. ஒளியின் வேகத்தில் வரும் ரேடியோ அலைக்கும் 21 நிமிடம் பிடிக்கும். தொலைவைவிடப் பெரிய இடர், அலை சூரியனை உரசினாற்போலக் கடந்து வரவேண்டியிருந்ததே. அவ்வாறு வரும் அலை நடுங்கும், மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். அனுப்பும் கட்டளை பிறழ்ந்து போய்ச் சேர்ந்தால் கலத்துக்கே கேடு. ஆகவே பொறியியலார் சில நாட்கள் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைத்து, கலம் தன்னைத் தானே காத்துக்கொள்ளுமாறு முன்னரே ஏற்பாடு செய்திருந்தனர். அவர்களுக்கு அந்நாட்கள் வீணான நாட்கள்.

அதே வேளையில் திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், வேறு சிலர் அந்த நடுங்கிய அலைகளையே வேண்டி நின்றனர். பெங்களூருக்கு அருகே பயலாலு என்னும் ஊரில் 32 மீட்டர் விட்டமுள்ள பெரிய அலைவாங்கி இருக்கிறது. கலத்தோடு தொடர்பு கொண்டிருந்த நிலையம் அது. மே, ஜூன் மாதங்களில் சூரியனுக்கு அருகாக வந்த அலைகளை அவர்கள் ஆராய எடுத்துக்கொண்டனர். பிறர் பழுதென்று தள்ளியதை அவர்கள் பொருளென்று கொண்டது ஏன்?

சூரியனைச் சூழ்ந்து மெல்லிய ஒளிவட்டமொன்று உண்டு. மேனாட்டார் அதற்கு முடி எனப் பொருள்படும் கொரோனா என்று பெயரிட்டனர். (ஒரு கொள்ளைநோயால் இச்சொல் இப்பொழுது குழந்தைகளுக்கும் தெரியும், நாம் பேசுவது அதையன்று.) ஒளிமுடி என நாம் சொல்லிக்கொள்வோம். முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டுமே அது வெறுங்கண்ணுக்குப் புலனாகும். 1929 மே 9 இல் முழுக் கிரகணத்தின் நிழல் நமக்கு வடக்கே கெடாவின் மேற் சென்றபோது, அதனை ஆராய ஆங்கில நாட்டு வானநூலார் கருவிகளோடு அலோர் ஸ்டாருக்கு வந்தனர். கிரகணமென்றால் கர்ப்பிணிகளை உள்ளே அடைத்து, கதவைச் சாத்தி, முடிந்ததும் தலைமுழுகுவதோடு நம்மவர் வானநூல் நெடுங்காலம் நின்றுவிட்டது. வந்தவர்கள் சில நிமிடக் காட்சிக்காகக் கடல் கடந்து வந்தார்கள்.

சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பம் ஏறக்குறைய 5,500 பாகை. அதற்கு மேலேயுள்ள ஒளிமுடியிலோ பத்து லட்சம் பாகைக்கும் மேல். அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு ஏறுவதைப் போன்ற இவ்வதிசயத்தின் காரணம் இன்னும் முற்றத் தெளிவாகவில்லை. அங்கிருந்து மின்னூட்டமுற்ற துகள்கள் காற்றுப்போல் புறப்பட்டு, விநாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் கிரகங்களைக் கடந்து வீசுகின்றன. சூரியக் காற்று என்பது இதுவே. சூரியன் சீற்றங்கொண்டு உமிழும் புயல் பூமியைத் தாக்குவதும் உண்டு. 1989 மார்ச் 13 இல் கனடா நாட்டுக் கியூபெக் மாநிலத்தில் பல லட்சம் மக்கள் ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். ஆகவே இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கன்று.

ஆனால் அங்கே யார் போவது? 2018 இல் அமெரிக்கர் விடுத்த பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24 இல் சூரியனை 61 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிற்று. மனிதன் செய்த பொருள் ஒன்றும் அதைவிட நெருங்கியதில்லை. மங்கள்யானின் அலையோ, சூரியனுடைய ஆரத்தைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு முதல் 20 மடங்கு வரையுள்ள வெளியில் புகுந்து வந்தது. நாலு மடங்கு என்பது அதன் நடுவிலிருந்து 28 லட்சம் கிலோமீட்டரே. இரும்பு புகாத இடத்தில் அலை புகுந்து மீண்டது.

அவ்வலையில் சொல்லோ படமோ ஏறியிருக்க வேண்டுவதில்லை. பாட்டு இல்லாத வெறுஞ் சுருதி போதும். விநாடிக்கு ஏறக்குறைய 230 கோடி அதிர்வு என்னும் ஒரே நிலையான சுருதியில் கலம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒளிமுடியிலுள்ள மின்துகள்கள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் விலகியும் கொந்தளிப்பதால், கடந்துவரும் சுருதி சிறிதே உயர்ந்தும் தாழ்ந்தும் நடுங்குகிறது. அந்நடுக்கத்தின் அளவும் விரைவும் கொந்தளிப்பின் படமாகும். இம்முறை புதிதன்று. 1968 இல் பயனீர் 6 என்னும் கலத்தின் அலையைக் கொண்டும், 1970களில் ஹீலியோஸ் கலங்களைக் கொண்டும் மேனாட்டார் இதைச் செய்தனர். நீலகிரியில் முத்தோரை மலைச்சரிவில் 1970 இல் நிறுவப்பெற்ற 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியும், மிகத் தொலைவிலுள்ள வானப் பொருள்களின் ரேடியோ ஒளி சூரியக் காற்றினூடே வருகையில் மினுக்குவதை அளந்து, அக்காற்றின் வேகத்தைக் கணித்து வந்திருக்கிறது. மங்கள்யானின் அலைகள் தெரிவித்தது: ஏறத்தாழ 10 ஆர அளவுக்கு உள்ளே கொந்தளிப்பின் இயல்பு ஒருவிதம், அதற்கு அப்பால் வேறுவிதம். சூரியக் காற்று முடுக்கம் பெற்று ஒலியின் வேகத்தை மிஞ்சிச் செல்லும் பகுதியை அந்த மாறுதல் காட்டுகிறது.

இனி நம் வினாவுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடுங்கிய சுருதியைக் கேட்டவுடனே, இது சூரியனின் வேலை என்று அவர்கள் எழுதிவிடவில்லை. நிற்காமல் கடந்து செல்லும் ரயிலின் ஊதல் வரும்போது ஏறியும் போகும்போது இறங்கியும் கேட்பதுபோல, கலமும் பூமியும் ஓடுவதாற் சுருதி மாறும். அதைக் கணக்கிட்டுக் கழித்தனர். நம் காற்றுமண்டலம் செய்யும் மாறுதல் உண்டு; அதையும் நோக்கவேண்டும். கலத்திலுள்ள அதிர்வுக் கருவியே நிலைதவறவும் கூடும். அதன் இயல்பும் தெரிந்திருக்கவேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கழித்து மிஞ்சியதையே சூரியன் கணக்கில் எழுதுகிறார்கள். சிதைவு யாருடையது என்பது கழித்த பின்னரே தெரியும். இஃது ஒரு கணக்கு முறை. ஆனால் நேர்மை இன்றி இக்கணக்கைச் செய்யமுடியாது.

இப்பொழுது பேராக்குக்கு வருவோம். சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை, நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பரந்து கிடந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறிப் பால் உறையுமுன் மரம் வெட்டி, வாளியைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோன மக்கள் அவர்கள். நிறுக்குமிடத்தில் பால் குறைந்தால் என்ன நிகழும்? குறைவதற்குக் காரணம் பலவுண்டு. மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். மழை நீர் கலந்தால் அளவு ஏறிக் கெட்டித்தன்மை இறங்கும். கிழட்டு மரமாக இருக்கலாம். முன்னே வெட்டினவன் பட்டையை ஆழக் கிழித்துக் கெடுத்திருக்கலாம். பிந்தி வெட்டினால் பால் ஒழுகுவது விரைவில் நின்றுவிடும். பிந்தியதற்குக் காரணம் பிள்ளையின் காய்ச்சலாகவும் இருக்கலாம். கிராணியின் ஏட்டில் இவற்றுக்கெல்லாம் இடம் இருந்ததா? இருந்தது ஓர் இடமே. அது வெட்டினவரின் பெயருக்கு நேரே உள்ள கட்டம்.

ஏட்டில் எழுதிய அப்பழக்கம் ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இக்கட்டுரை எழுத வேண்டுவதில்லை. தமிழன் சோம்பேறி, தமிழன் குடியன், சொன்னாலன்றிச் செய்யமாட்டான் என்று ஓர் இனத்தின் பெயருக்கு நேரே அது எழுதப்பட்டது. மலாய்க்காரரையும் அதே வாய்தான் சோம்பேறி என்றது. அப்பழிச்சொல் எவ்வாறு உண்டாக்கப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சையத் ஹுசைன் அலாதாஸ் 1977 இல் ஒரு நூலே எழுதி ஆராய்ந்தார். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சிய உடம்பு காலையில் எழுந்து நிற்கத் தள்ளாடும். அதைக் கண்டவர் தள்ளாட்டத்தைக் கண்டார், இரத்தத்தைக் காணவில்லை. கொசுவின் வழியே மலேரியா பரவுவதை ரொனால்டு ராஸ் 1897 இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். நீர் வடிந்த இடத்தில் சோம்பலும் வடிந்திருக்குமாயின், அது யாருடைய சோம்பல்? கள்ளைப் பற்றியும் இவ்வாறே. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை வைத்துவிட்டுக் குடியன் என்று பழிப்பது, அலை கடக்கும் வழியில் தானே புயலை எழுப்பிவிட்டு அலையைக் குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

துரைமார் போய்விட்டார்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்களிற் பல வீட்டுமனைகளாயின. லயத்தில் பிறந்தவர்கள் ஈப்போ நகரின் ஓரங்களிலும், மலிவு விலை அடுக்குமாடிகளிலும், வேறு மாநிலங்களிலும் சிதறினர். தீர்ப்பு மட்டும் சிதறவில்லை. அதனை இன்று சொல்லுவோர் வெள்ளையர் அல்லர். நகரத்துத் தமிழராகிய நம்முடைய நாவிலேயே அது குடிகொண்டிருக்கிறது. ஒரு பையன் பள்ளியை இடையில் விட்டான், தீய கூட்டத்தில் சேர்ந்தான், வேலைக்குப் போன இடத்தில் எதிர்த்துப் பேசினான் என்றால், தோட்டத்துப் புத்தி போகவில்லை என்கிறோம். எத்தனை கூட்டங்களில், எத்தனை விருந்துகளில் இதனை நாம் கேட்டிருக்கிறோம்!

இதற்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் வாதமொன்று வலிமையுள்ளதுபோல் தோன்றும். “அதே தோட்டத்தில், அதே லயத்தில், அடுத்த வீட்டில் பிறந்தவன் டாக்டராகவில்லையா? வழி கெட்டது என்றால் இருவருக்கும் அன்றோ கெட்டது?” என்பார்கள். இவ்வாதத்துக்கு விஞ்ஞானிகளிடம் விடையிருக்கிறது. ஒரே கலத்திலிருந்து, ஒரே வழியில், வெவ்வேறு அதிர்வுள்ள இரண்டு அலைகளை விடுக்கும் முறை ஒன்று உண்டு. மின்துகள் நிறைந்த வெளி இரண்டையும் ஒரே அளவாக அலைப்பதில்லை. அதிர்வு குறைந்த அலையை மிகுதியாக அலைக்கும். அதிர்வு மிகுந்ததை அவ்வளவு அலைக்காது. அதனால், குறைந்தது இழிந்த அலை, மிகுந்தது உயர்ந்த அலை என்று ஒருவரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டே, இடையிலுள்ள வெளி எத்தகையது என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கிறார்கள். சனிக்கிரகம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த காசினி என்னும் கலம் 2002 இல் சூரியனுக்கு அப்பால் நின்றபோது, வெவ்வேறு அதிர்வுள்ள அலைகளை ஒப்பிட்டே ஒளிமுடியின் குறுக்கீட்டை நீக்கி, ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்தனர். இருவரில் ஒருவன் கரையேறினான் என்பது ஆறு ஆழமில்லை என்பதற்குச் சான்றாகாது. ஒருவனுக்குப் பாட்டி இருந்தாள், ஓர் ஆசிரியர் வாய்த்தார், தகப்பன் குடிக்கவில்லை. மற்றவனுக்கு இம்மூன்றும் இல்லை. அவ்வளவில் எத்தனை வேற்றுமை விளைந்தது என்று பார்ப்போமாயின் வழியின் கொடுமை நமக்குத் தெரியவரும். டாக்டரானவனைக் காட்டி மற்றவனை அடிப்பது, அளவுகோலை எடுத்துத் தடியாக்குவதாகும்.

இங்கே ஒரு தடை எழும். எல்லாப் பழியையும் வழியின்மேல் போட்டுவிட்டால், மனைவியை அடிப்பவனும் கூட்டுக்கடன் நிதியைச் சுருட்டியவனும் தப்பித்துக்கொள்ளமாட்டார்களா? தடை நியாயமானதே. கலத்தின் கருவியும் நிலைதவறக்கூடும் என்று மேலே கூறினோம். அதனை விஞ்ஞானிகள் மறைப்பதில்லை. கழிக்க வேண்டுவன எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிஞ்சுவது அவனுடையதாக இருக்குமானால், அவன்தான் பொறுப்பு. அதைச் சொல்ல நாம் அஞ்சவேண்டுவதில்லை. அடிபட்ட மனைவியும் அதே லயத்தின் வழியே வந்தவள்தான் என்பதையும் நினைக்கவேண்டும். நாம் கேட்பது மன்னிப்பன்று, வரிசை. கழித்தல் முன்னே, தீர்ப்புப் பின்னே. நம்மிடையே நடப்பது தலைகீழ்.

மற்றொரு தடை இதைவிட நுட்பமானது. மங்கள்யான் எந்தச் சுருதியில் புறப்பட்டது என்பது விஞ்ஞானிக்குத் தெரியும். அதனாலன்றோ நடுக்கத்தை அளக்கிறான்? ஒரு மனிதன் எந்தச் சுருதியில் புறப்பட்டான் என்று யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. இவ்விடத்தில் விஞ்ஞானம் நம்மை விட்டுவிடுகிறது. நாமே ஒன்றைத் துணிந்து கொள்ளவேண்டியிருக்கிறது. சிலர் பிறக்கும்போதே தாழ்ந்த சுருதியிற் பிறந்தார்கள் என்று கொள்ளலாம். நம் நாட்டில் பல நூற்றாண்டு அவ்வாறே கொண்டார்கள். சாதி என்பது அக்கொள்கையின் பெயர். கப்பலேறி வந்தும் லயத்துக்குள் அதை மூட்டையவிழ்த்தவர் உண்டு. அல்லது, யாவரும் ஒத்த மதிப்போடு புறப்பட்டவர்களே என்று கொள்ளலாம். இரண்டாவதை முடிந்த முடிபாக நாட்டிவிட எம்மால் இயலாது. ஆனால் முதலாவதைக் கொண்டவன் ஆராய்வதற்கு ஒன்றுமில்லாமற் போகிறான். அவனுக்குச் சிதைவு எல்லாம் பிறவியே. இரண்டாவதைக் கொண்டவனுக்கோ தோட்டம், பள்ளி, கூலி, காய்ச்சல், கள், சாலை எல்லாம் ஆராய்ச்சிப் பொருளாகின்றன. எது அறிவை வளர்க்கும் கொள்கை என்பது தெளிவு.

மனிதன் அலையன்று என்பதும் மெய்யே. அலை தான் கடந்துவந்ததை அறியாது. மனிதன் அறிவான், கேட்டால் சொல்லவும் செய்வான். சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு மீண்ட ஒரு முதியவர் தம் கதையைச் சொல்லுகையில், ஆண்டு முன்பின்னாக மாறி, ஊர்ப்பெயர் தடுமாறி, இடையில் பேச்சு நின்றுபோனால், கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று எழுதுகோலை மூடினவர் எத்தனை பேர்! பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டவர் மிகச் சிலர். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்ததை உரைப்பதற்கு அந்த நிறுத்தத்தைவிடத் தெளிவான சொல் அகராதியில் இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் இப்பொழுது இல்லை.

கேட்பவன் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு, சூரியக் காற்றின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. அப்படியொரு காற்று இடைவிடாது வீசவேண்டும் என்று யூஜின் பார்க்கர் என்னும் இளைஞர் கணித்து எழுதியபோது, கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர் இருவரும் அதைத் தள்ளினர். வானியற்பியல் இதழின் ஆசிரியராயிருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்துப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை காண முடியவில்லையாதலால் 1958 இல் அதை வெளியிட்டார். 1962 இல் மாரினர் 2 என்னும் கலம் காற்று வீசுவதை ஐயமற உறுதிப்படுத்திற்று. இதே சந்திரசேகரின் கண்டுபிடிப்பைத்தான் 1935 இல் இலண்டன் அவையில் எடிங்டன் எள்ளி நகையாடினார். தம் சொல்லைச் சபையில் சிதைக்கக் கண்டவர், பிறர் சொல்லைச் சிதையாமல் வெளியிட்டார். சிதைக்கப்பட்டவர் எல்லாரும் இப்படி ஆவதில்லை. பலர் தம்மிலும் எளியவரைச் சிதைக்கப் பழகுகிறார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து மேலேறிய நம்மவருள் இவ்விரு வகையினரும் உண்டு.

ஈப்போவிலும் பிற ஊர்களிலும் நம் சங்கங்கள் மாணவருக்கு உதவிப்பணம் கொடுக்க விண்ணப்பம் வாங்குகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் தமிழ் முதலாளிகளும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை மைல், எத்தனை முறை வீடு மாறினார்கள், இரவில் படிக்க இடம் உண்டா, எந்த ஆண்டில் படிப்பு நின்றது, அவ்வாண்டில் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கும் கட்டங்கள் இருக்கட்டும் என்கிறோம். அவ்வளவு விசாரிக்க நேரம் ஏது என்று செயலாளர்கள் கேட்பார்கள். திருவனந்தபுரத்தார் 2015 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களின் அலைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சில் வந்தது 2022 இல்.